கன உருவங்கள் செட்: வாசலில் வாங்கியதைத் திருப்பலாமா?

கேள்வி: பேத்தி, ஒன்றாம் கிரேடுக்கு முந்தைய கிரேட் ஆர் படிக்கிறாள். ஒருவர் வீட்டுக்கே வந்து, "இது இல்லாவிட்டால் பிள்ளை கணக்கில் பின்தங்கிவிடும்" என்று சொல்லி, பன்னிரண்டு கன உருவங்கள் கொண்ட பிளாஸ்டிக் செட்டை 950 ராண்டுக்கு விற்றுவிட்டுப் போனார். மருமகள் திட்டுகிறாள். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. திருப்பிக் கொடுக்க முடியுமா?
- சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: முடியும் அம்மா. நாள் கடந்துவிடக் கூடாது என்பதால் உங்களுக்கு அன்றே தனியாக எழுதிவிட்டேன். இதே ஆள் மற்ற வீடுகளுக்கும் போயிருக்கலாம், அதனால் இங்கேயும் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 16-ஆவது பிரிவு: விற்பவர் தானே தேடிவந்து விற்றிருந்தால், பொருள் கைக்கு வந்து 5 வேலை நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் வாங்கியதை ரத்து செய்யலாம். வாயால் சொன்னால் போதாது. எழுத்தில் இருக்க வேண்டும். அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். பொருள் கைக்கு வந்து 10 வேலை நாட்களுக்குள் அதை உங்கள் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்து 15 வேலை நாட்களுக்குள் பணம் வர வேண்டும். பெட்டியைப் பிரிக்காதது நல்லதாயிற்று. பிரித்துப் பயன்படுத்தியிருந்தால் நியாயமான ஒரு தொகையை அவர் பிடித்துக்கொள்ளலாம்.

பின்தங்கிவிடுவாள் என்று பயமுறுத்தியதுதான் எனக்குக் கோபம். நம் பாடத்திட்டத்தில் கிரேட் ஆரிலும் ஒன்றாம் கிரேடிலும் பிள்ளைகள் பார்ப்பது பந்து வடிவமும் பெட்டி வடிவமும்தான். உருளை இரண்டாம் கிரேடில் வரும், கூம்பும் பிரமிடும் மூன்றில். விளிம்பையும் முனையையும் எண்ணுவது அதற்கும் பிறகு. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு உருவம் எதற்கு?

காலி லயன் தீப்பெட்டி, திறக்காத டின் மீன், ஓர் ஆரஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்கும் பலகையைச் சாய்த்துப் பிடித்து, எது உருளும், எது சறுக்கும் என்று முதலில் அவளையே சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் விட்டுப் பார்க்கட்டும். டின் படுத்தால் உருளும், நிறுத்தினால் சறுக்கும். அங்கேதான் பிள்ளைகள் வாதாடுவார்கள், வாதாட விடுங்கள். ஐஸ்கிரீம் கூம்பைத் தரையில் படுக்க வைத்து உருட்டினால் நேராகப் போகாது, தன் நுனியைச் சுற்றியே வட்டமடிக்கும். இதைப் பார்த்த பிள்ளை கூம்பை மறக்காது.

இந்த வயதில் பந்தை வட்டம் என்றும், கனசதுரத்தைச் சதுரம் என்றும் சொல்வார்கள். திருத்திக்கொண்டே இருப்பதைவிட, ஒரு தட்டில் மாவைப் பரப்பி, டின்னின் அடியை அதில் அழுத்திக் காட்டுங்கள். வட்டம் மாவில் இருக்கும், டின் கையில் இருக்கும். தீப்பெட்டியின் ஆறு முகங்களையும் அப்படியே பதிக்கலாம். மூன்று அளவுச் செவ்வகங்கள், ஒவ்வொன்றும் இரண்டிரண்டு. தேயிலைப் பெட்டியை விளிம்போடு வெட்டி விரித்தாலும் இதேதான். உள்ளே மடியும் ஓரங்களை மட்டும் முதலில் கத்தரித்துவிடுங்கள்.

பின்னால் கடையில் வாங்குவதானால், கனசதுரத்தின் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். மலிவான பிளாஸ்டிக்கில் விளிம்பை மழுங்க உருட்டி வைத்திருப்பார்கள். முகம் எங்கே முடிகிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. மரத்தில் செய்ததே மேல். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் சின்ன உருவங்கள் வேண்டவே வேண்டாம்: 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கும் துண்டு மூச்சை அடைக்கும் என்று கணக்கு. காந்தம் வைத்த செட்டும் அப்படித்தான். இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும்.

காசு கொடுத்து வாங்கத் தகுந்தது ஒன்று உண்டு: அடி திறந்த, உள்ளே காலியான செட். கூம்பும் உருளையும் ஒரே அடி, ஒரே உயரமாக இருக்க வேண்டும். மூன்று கூம்புத் தண்ணீர் உருளையைச் சரியாக நிரப்பும். பெரிய வகுப்பு வரைக்கும் உதவும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மரச் செட்டில் பிரமிடு விரிசல் விட்டு வந்திருக்கிறது. 7 நாளில் திருப்பலாம் என்கிறார்களே?
- ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: 7 நாள் விதி, மனம் மாறியவர்களுக்கு, அதில் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. உங்களுடையது குறையுள்ள பொருள். நுகர்வோர் சட்டத்தின் 56-ஆவது பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்: 6 மாதம் வரை அவகாசம், செலவு விற்றவருடையது. சரிசெய்து தருவதா, மாற்றுவதா, பணமா என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம். விரிசலைப் படம் எடுத்து மின்னஞ்சலில் சேர்த்துவிடுங்கள்.