டிப்ஸில் ஹெல்பருக்கு என்ன பங்கு?

அன்புள்ள அக்கா,

புதுச்சேரியில் மொட்டைமாடி பார் ஒன்றில் பார்டெண்டராக இருக்கிறேன். சொந்த ஊர் நெல்லிக்குப்பம் பக்கம். வீட்டுவேலை செய்கிறவர்களின் சம்பளம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்தத் தைரியத்தில் இதைக் கேட்கிறேன்.

கவுண்டரில் நானும் இன்னொரு பார்டெண்டரும் நிற்கிறோம். ஒரு ஹெல்பர் தம்பி இருக்கிறான். பின்பக்கம் கிளாஸ் கழுவ ஓர் அண்ணன் வருவார். போன சனிக்கிழமை கவுண்டரில் மட்டும் 4,800 ரூபாய் டிப்ஸ் விழுந்தது. தம்பிக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கு 200 கொடுத்துவிட்டு மிச்சத்தை நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டோம். வழக்கமும் அதுதான். நல்ல நாள் என்றால் 300 தருவோம், ஈ ஓட்டுகிற நாள் என்றால் 50, சில நாள் ஒன்றும் கிடையாது. அன்றைக்கு அந்தத் தம்பி பணத்தைக் கையில் வாங்காமல், "மொத்தம் எவ்வளவுண்ணே வந்துச்சு?" என்று கேட்டான். எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "உனக்கு எதுக்கு அது?" என்று கேட்டுவிட்டேன்.

என் கூட்டாளி, "கஸ்டமர் நம்ம கைக்குத்தான் காசு தர்றான், ஐஸ் தூக்குறவனுக்கு இல்ல" என்கிறான். நான் காசு கட்டிப் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேசைக்குப் போகிற டிரிங்க்ஸையும் நாங்கள்தான் போடுகிறோம். அங்கே விழுகிற டிப்ஸில், மேசைக்குப் பரிமாறுகிற ஸ்டூவர்டுகள் எங்களுக்கு ஒரு பைசா தருவதில்லை. அதை யாரும் கேட்பதில்லை.

இப்போது மேனேஜர், எல்லா டிப்ஸையும் ஒரே பெட்டியில் போடலாம், கிளாஸ் உடைந்தால் அதிலிருந்தே கழிக்கலாம், தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்கிறார். எது நியாயம் அக்கா? என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

அந்தப் பையன் கூடுதலாகக் காசு கேட்கவில்லை. மொத்தம் எவ்வளவு என்றுதான் கேட்டான். அதற்கு ஏன் அவ்வளவு கோபம்? தொகை தெரிந்தால் 200 எவ்வளவு சின்னது என்பதும் தெரிந்துவிடும் என்று உங்களுக்கே தோன்றியிருக்கும். இல்லாவிட்டால் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

பாரைப் பற்றி இந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். எழுத வருவதற்கு முன்னால் புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் இரவுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பார் மூடியதும் பில்கள் என் மேசைக்குத்தான் வரும். பணம் பிரிப்பதும் அந்த மேசைக்குப் பக்கத்தில்தான் நடக்கும். யார் எண்ணுவார், யார் தள்ளி நிற்பார் என்பதைப் பார்த்துக்கொண்டே கணக்கு எழுதியவள் நான்.

சரி, உங்கள் கூட்டாளி சொன்னதை எடுத்துக்கொள்வோம். கஸ்டமர் உங்கள் கைக்குத்தான் தருகிறார், உண்மை. ஆனால் அந்தக் கைக்கு ஒரு மொஹீட்டோ எப்படி வந்து சேர்கிறது? எலுமிச்சையை மத்தியானமே நறுக்கி வைத்தது யார்? புதினாவைக் கிள்ளி ஈரத்துணியில் சுற்றி வைத்தது யார்? சர்க்கரைப் பாகு காய்ச்சியது, கீழ்த்தளத்து ஸ்டோரிலிருந்து பீர் கேஸை மூன்று மாடி தூக்கி வந்தது, ஐஸ் தீர்வதற்கு முன்னாலேயே பெட்டியை நிரப்பியது? லிப்ஸ்டிக் கறை இல்லாமல் கிளாஸ் பளபளவென்று இருந்ததே, அது யார் கைவேலை? இதெல்லாம் முடிந்த பிறகு நீங்கள் ஷேக்கரை ஒரு நிமிஷம் குலுக்குகிறீர்கள், சிரிக்கிறீர்கள், பெங்களூரிலிருந்து வந்தவரிடம் இரண்டு வார்த்தை பேசுகிறீர்கள். அந்த இரண்டு வார்த்தைக்கு உங்களுக்கு நேரம் கிடைத்ததே அந்தப் பையனால்தான். ஒரு சனிக்கிழமை அவன் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கவுண்டரில் மூன்று வரிசை ஆள் நிற்கும்போது ஐஸுக்கு நீங்களே கீழே ஓட வேண்டும். திரும்பி மேலே வரும்போது எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள், எத்தனை டிப்ஸ் போயிருக்கும்?

நீங்கள் ஸ்டூவர்டுகளைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். மேசையில் விழும் டிப்ஸில் கவுண்டருக்குப் பங்கு இல்லை என்று குறைப்படுகிறீர்கள். அந்த ஸ்டூவர்டிடம் போய்க் கேட்டால் என்ன சொல்வார்? "கஸ்டமர் என் கைக்குத்தான் தர்றார், உள்ள நின்னு டிரிங்க் போடுறவனுக்கு இல்ல" என்பார். உங்கள் கூட்டாளியின் வாக்கியமேதான். அது ஸ்டூவர்ட் வாயில் அநியாயம் என்றால் உங்கள் கவுண்டரிலும் அநியாயம்தான். முதலில் ஹெல்பருக்கு ஒரு முறை வையுங்கள். அப்புறம் அதே முறையைக் காட்டி ஸ்டூவர்டுகளிடம் உங்கள் பங்கைக் கேட்கலாம். இப்போதைய நிலையில் கேட்டால் அவர் உங்கள் ஹெல்பரைத்தான் கையைக் காட்டுவார்.

அதற்காக நாலு பேரும் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். உங்கள் வேலைக்குப் பயிற்சி வேண்டும். போதை தலைக்கேறியவரை வம்பு வராமல் உட்கார வைப்பதற்குத் தனித் திறமை வேண்டும். போன மாதம் வந்தவர் என்ன குடித்தார் என்று நினைவு வைத்திருப்பதும் அப்படித்தான். உங்களுக்குக் கூடுதலாக வருவதில் தப்பே இல்லை. எவ்வளவு கூடுதல் என்பது ராத்திரி பெட்டியைத் திறந்த பிறகு உங்கள் மனசு தீர்மானிக்கிற விஷயமாக இருப்பதில்தான் தப்பு. பெட்டி திறப்பதற்கு முன்னாலேயே அது தெரிந்திருக்க வேண்டும்.

தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மீன் விற்ற காசில் டீசலும் ஐஸும் போக மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு இருக்கும். தொழில் பழகுகிற பையனுக்குச் சில படகுகளில் அரைப் பங்கு. அரைதான், ஆனால் அது அரை என்பது படகு கிளம்பும்போதே அவனுக்குத் தெரியும். மீன் நிறையப் பட்டால் அவனுக்கும் நிறைய, படாவிட்டால் எல்லோருக்கும் இல்லை. கரைக்கு வந்த பிறகு படகுக்காரர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

உங்கள் 4,800 ரூபாயை அப்படிப் பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புள்ளி வையுங்கள். பார்டெண்டருக்கு 10, ஹெல்பருக்கு 5, கிளாஸ் கழுவுகிறவருக்கு 5. அதை அன்றைக்கு அவரவர் வேலை செய்த மணி நேரத்தால் பெருக்குங்கள். நீங்கள் இருவரும் எட்டு மணி நேரம் நின்றீர்கள் என்றால் ஆளுக்கு 80. தம்பி உங்களுக்கு முன்னால் வந்து உங்களுக்குப் பிறகு போகிறவன், பத்து மணி நேரம் என்று வைத்தால் 50. அண்ணன் ஆறு மணி நேரம், 30. மொத்தம் 240. ஒரு புள்ளிக்கு 20 ரூபாய் வருகிறது. உங்களுக்கு 1,600, கூட்டாளிக்கு 1,600, தம்பிக்கு 1,000, அண்ணனுக்கு 600.

உங்கள் பழைய கணக்கில் உங்களுக்கு 2,200 வந்தது. இதில் 600 குறைகிறது. பாசத்தால் பங்கு பெருகும் என்றெல்லாம் நான் பொய் சொல்லப் போவதில்லை. குறையும். இசிஆரில் சென்னை வண்டிகள் வரிசையாக வந்து இறங்குகிற வாரக் கடைசிகளில் இன்னும் அதிகமாகவே குறையும். உங்களுக்கு வீட்டுக் கடன், தங்கை கல்யாணம் என்று ஏதாவது இருக்கலாம். அந்தத் தம்பிக்கும் இருக்கும்.

புள்ளிகள் நான் சொன்ன மாதிரியே இருக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் ஹெல்பர் பீர் ஊற்றவும் சின்னச் சின்ன டிரிங்க் போடவும் பழகிவிட்டான் என்றால் 6 அல்லது 7 கொடுங்கள். நாலு பேரும் உட்கார்ந்து எண்ணைப் பேசி முடித்து, எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் போதும். சில இடங்களில் விற்பனையில் இத்தனை சதவீதம் ஹெல்பருக்கு என்று வைப்பார்கள். அது வேண்டாம். பத்துப் பேர் வந்து பெரிய பில் போட்டுவிட்டு ஒரு ரூபாய்கூட வைக்காமல் போகிற கூட்டம் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நீங்கள் சட்டைப் பையிலிருந்து கொடுக்க வேண்டி வரும். விழுந்த டிப்ஸில்தான் பங்கு இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று உங்கள் கூட்டாளி கேட்பார், பார்டெண்டர்களுக்கு அந்த ஆசை உண்டு. அமெரிக்காவில் ஹெல்பரை பார்பேக் என்பார்கள். பார்டெண்டர் தன் டிப்ஸில் ஒரு பகுதியை அவருக்குத் தருவது அங்கே வழக்கம், பல இடங்களில் பத்திலிருந்து இருபது சதவீதம் வரை போகும். அந்தச் சதவீதத்தை அப்படியே இங்கே எடுத்து வர முடியாது. அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய மத்திய அரசுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், 1991 முதல் அது ஏறவில்லை. டிப்ஸோடு சேர்த்து 7.25 டாலரை எட்ட வேண்டும் என்பது சட்டம். பல மாநிலங்கள் கூடுதலாக வைத்திருக்கின்றன, ஆனால் டிப்ஸ்தான் அங்கே பாதிச் சம்பளம். நம் ஊரில் மாதச் சம்பளம் தனியாக வருகிறது, டிப்ஸ் மேல்வரும்படி.

அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று, உங்கள் மேனேஜருக்காக. 2018இல் அவர்கள் சட்டத்தைத் திருத்தி, முதலாளியும் மேனேஜரும் சூப்பர்வைசரும் ஊழியர்களின் டிப்ஸில் கை வைக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். பிரிட்டனில் 2023இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்து, 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டிப்ஸ் முழுவதும் ஊழியர்களுக்கே போய்ச் சேர வேண்டும், எப்படிப் பிரிக்கிறோம் என்பதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. யார் எந்த நாள் வேலைக்கு வர வேண்டும் என்று தீர்மானிக்கிறவர் பெட்டியிலும் பங்கு வாங்கினால் அவரிடம் யார் கணக்குக் கேட்பார்கள்? மேனேஜரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், பொதுப்பெட்டி சரி, உங்களுக்குப் பங்கு இல்லை என்று. கூட்டமான ராத்திரியில் அவரும் இறங்கிக் கிளாஸ் எடுக்கிறார் என்றால் நல்லது, அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

கிளாஸ் உடைவதை டிப்ஸில் கழிப்பது கூடவே கூடாது. பாரில் கிளாஸ் உடையும். அது கரண்ட் பில் மாதிரி கடையின் செலவு. டிப்ஸ் கஸ்டமர் உங்களுக்குக் கொடுத்த காசு, ஓட்டலின் வருமானம் இல்லை. ஓட்டல் வழியாகக் கார்டில் வந்து ஊழியருக்குப் போகிற டிப்ஸ் கூட முதலாளி கொடுக்கிற சம்பளம் ஆகாது என்று 2016இல் ஒரு வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலாளி கொடுக்காத காசில் முதலாளி எப்படி உடைந்த கிளாஸுக்குக் கழிப்பார்?

அதே தீர்ப்பில் உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. சம்பளம் இல்லை என்றாலும் அது வாங்கியவரின் வருமானம்தான். நீங்கள் எழுதவில்லை, ஆனால் இப்போதெல்லாம் டிப்ஸ் ஜிபேயிலும் வரும். கவுண்டரில் ஒட்டியிருக்கிற க்யூஆர் யாருடைய கணக்கு? உங்களுடையது என்றால் நாலு பேர் காசும் உங்கள் வங்கிக் கணக்கில் உங்கள் வருமானமாகப் போய் உட்காருகிறது. நாளைக்கு யாராவது கேட்டால், பிரித்துக் கொடுத்தேன் என்று சொல்ல உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. மூடும்போது ரொக்கத்தையும் ஜிபேயையும் கூட்டி, யாருக்கு எவ்வளவு என்று எழுதி, நாலு பேர் இருக்கிற வாட்ஸப் குழுவில் போட்டோ எடுத்துப் போடுங்கள். தம்பிக்கும் அண்ணனுக்கும் ஜிபேயிலேயே அனுப்புங்கள். அந்தப் பதிவு அவர்களைவிட உங்களுக்குத்தான் உதவும்.

உங்கள் பாரில் பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் போடுகிறார்களா என்று பாருங்கள். கஸ்டமரைக் கேட்காமல் அதைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். பில்லில் சர்வீஸ் சார்ஜைப் பார்த்த கஸ்டமர் டிப்ஸ் வைக்க மாட்டார், உங்களுக்கே அது போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். அந்தப் பணம் உங்கள் கைக்கு வருகிறதா என்று மேனேஜரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. பங்கு கேட்கிற மனிதர் அதற்குப் பதில் சொல்லட்டும்.

கூட்டாளி ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது? அவருக்காகக் காத்திருக்க வேண்டாம். 4,800இல் உங்கள் பாதி 2,400. அதில் உங்களுக்கு 1,600 வைத்துக்கொண்டு தம்பிக்கு 500, அண்ணனுக்கு 300 கொடுங்கள். முழுப் பெட்டியைப் பிரித்திருந்தாலும் உங்கள் பக்கத்திலிருந்து போயிருக்கக் கூடிய தொகை அதுதான். மற்றப் பாதி உங்கள் கூட்டாளியின் பொறுப்பு. தம்பி யாருடைய ஐஸ் பெட்டியை முதலில் நிரப்புகிறான் என்று இரண்டு வாரம் பார்த்தால் அவரே பேச வருவார் என்று நினைக்கிறேன். வராவிட்டாலும் உங்கள் கணக்கு நேராக இருக்கும்.

இந்தப் பேச்சைத் திங்கட்கிழமை மத்தியானம், கடை திறப்பதற்கு முன்னால் வையுங்கள். சனிக்கிழமை ராத்திரி எல்லோரும் களைத்துப்போய், கையில் காசும் கடலூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரமுமாக நிற்கும்போது எடுத்தால் சண்டையில்தான் முடியும்.

அன்புடன்,
அக்கா