அமைச்சர் பெயரை விடுங்கள், மெமோ எழுதுபவரைப் பாருங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, கோவை. மூத்த மகளும் மாப்பிள்ளையும் நியூஜெர்சியில் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு எச்-1பி வேலை விசா. மகள் மனைவி என்ற முறையில் கிடைக்கும் எச்-4 விசாவில் இருந்தபடி வேலைக்குப் போகிறாள். அமெரிக்க ஜனாதிபதி யாரையாவது புதிதாகப் பதவியில் போட்டால் போதும், வாட்ஸ்அப்பில் பத்துப் பேர் பயமுறுத்துகிறார்கள். சட்டம் மாறாதபோது ஓர் ஆள் வந்து உட்கார்ந்தால் என்ன மாறிவிடும்? எந்தப் பதவியை நாங்கள் கவனிக்க வேண்டும்? சின்னவளின் கல்யாணத்துக்கு அவர்கள் வந்துபோகலாமா?

பதில்: அம்மா, சட்டம் மாறாமலே நிறைய மாறும். 2017இல் அப்படித்தான் மாறியது.

வருடத்துக்கு 65,000 எச்-1பி, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவர்களுக்கு மேற்கொண்டு 20,000. இது அமெரிக்க நாடாளுமன்றம் வைத்த கணக்கு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதை யாரும் தொடவில்லை. 2017 ஏப்ரலில் டிரம்ப், ‘அமெரிக்கப் பொருளை வாங்கு, அமெரிக்கரை வேலைக்கு எடு’ என்ற ஆணையில் கையெழுத்துப் போட்டார். கேமராக்கள் எல்லாம் அதைத்தான் காட்டின. ஆனால் அந்த ஆணையால் அன்றைக்கு யாருடைய கோப்பும் நின்றுவிடவில்லை.

அக்டோபரில் குடியுரிமை, குடியேற்றச் சேவை அமைப்புக்கு (எல்லோரும் யுஎஸ்சிஐஎஸ் என்கிறார்களே, அது) பிரான்சிஸ் சிஸ்னா இயக்குநராக வந்தார். இங்கே எந்தச் செய்தித்தாளும் அவர் படத்தை முதல் பக்கத்தில் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. பதவியேற்ற இரண்டு வாரத்தில், அக்டோபர் 23ஆம் தேதி, அந்த அமைப்பிலிருந்து ஒரு மெமோ, அதாவது அதிகாரிகளுக்கான உள் சுற்றறிக்கை, வெளியானது. 2004 முதல் அங்கே ஒரு நடைமுறை இருந்தது. அதே கம்பெனி, அதே வேலை, அதே ஆள் என்றால், முன்பு ஒப்புதல் கொடுத்த அதிகாரியின் முடிவை மதித்து நீட்டிப்புக் கொடுத்துவிடுவார்கள். இனி அப்படி மதிக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார் என்றது மெமோ.

இதை ஒரு குடும்பத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஆறு வருடமாக அதே மேசையில் உட்கார்ந்து அதே வேலை பார்க்கும் பையனுக்கு, ‘இது சிறப்புத் தகுதி தேவைப்படும் வேலைதான் என்பதற்கு ஆதாரம் கொடு’ என்று தபால் வருகிறது. அதைத்தான் பையன்கள் ‘ஆர்எஃப்இ வந்துவிட்டது’ என்று அடிக்குரலில் சொல்வார்கள். 2018 பிப்ரவரியில் இன்னொரு மெமோ: வாடிக்கையாளர் நிறுவனத்தில் போய் உட்கார்ந்து வேலை செய்பவர்கள், அங்கே என்ன வேலை, எத்தனை நாள் என்பதற்கு ஒப்பந்தம், பயண அட்டவணை சகிதம் காட்ட வேண்டும். நம்மூர் ஐடி கம்பெனிகளின் தொழிலே அதுதானே. நேஷனல் ஃபவுண்டேஷன் ஃபார் அமெரிக்கன் பாலிசி என்ற ஆய்வு அமைப்பு எடுத்த கணக்கில், புதிய எச்-1பி மனுக்களில் நிராகரிக்கப்பட்டவை 2015 நிதியாண்டில் நூற்றுக்கு 6. 2018இல் 24. 2021இல் 4. சட்டம் மூன்று வருடத்திலும் ஒன்றுதான். நாற்காலியில் இருந்த ஆட்களும், அவர்கள் கீழே இறக்கிய தாள்களும்தான் வேறு.

இப்போது பதவிகளுக்கு வருகிறேன். நம்மூரில் ஆட்சி மாறினால் அமைச்சர் மாறுவார். துறைச் செயலாளரை இங்கிருந்து அங்கே மாற்றுவார்கள். ஆனால் புதிதாக வருபவரும் ஐஏஎஸ்தான். அமெரிக்காவில் அப்படி இல்லை. அமைச்சருக்குக் கீழே துணை, துணைக்குக் கீழே உதவி, துறையின் தலைமைச் சட்ட ஆலோசகர், அமைப்புகளின் இயக்குநர்கள், அவர்களுக்கு ஆலோசகர்கள் என்று ஏறக்குறைய 4,000 இடங்களை ஜனாதிபதி தரப்பே நிரப்புகிறது. அதில் 1,200க்கும் மேற்பட்ட இடங்களுக்கு செனட் ஒப்புதல் தேவை. மீதிக்கு அதுகூட வேண்டாம். அரசில் வேலை செய்யும் சிவிலியன்கள் இருபது லட்சத்துக்கும் மேல். அவர்களோடு ஒப்பிட்டால் 4,000 கைப்பிடி உப்புதான். கறிக்கு ருசி தீர்மானிப்பதும் அதுதான்.

இந்த 4,000 பேரைச் சலித்து எடுப்பது வெள்ளை மாளிகையின் ஆள்சேர்ப்பு அலுவலகம். 2025இல் அதன் தலைவராக இருந்த செர்ஜியோ கோர்தான் அதே வருடம் டில்லிக்கு அமெரிக்கத் தூதராக நியமிக்கப்பட்டார். தூதர் என்றதும் நாம் விழுந்தடித்துச் செய்தி படித்தோம். அவர் அதற்கு முன் செய்த வேலைதான் பெரியது என்பது என் எண்ணம்.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியவை நாலைந்து இடங்கள்தான். முதலில் யுஎஸ்சிஐஎஸ் இயக்குநர். 2025 ஜூலை முதல் ஜோசப் எட்லோ. அடுத்து அந்த அமைப்பின் தலைமைச் சட்ட ஆலோசகர். எந்த மெமோ கோர்ட்டில் நிற்கும் என்று சொல்பவர் அவர். மூன்றாவது, வெளியுறவுத் துறையில் தூதரக விவகாரங்களைப் பார்க்கும் உதவிச் செயலாளர். சென்னையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய தூதரகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கட்சிக்காரர் இல்லை. ஆட்சி மாறினாலும் மாறாத வெளியுறவுப் பணி அதிகாரி. ஆனால் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்கு வரும் சுற்றறிக்கை அந்த உதவிச் செயலாளர் வழியாகத்தான் வரும். நான்காவது தொழிலாளர் துறை. எச்-1பி ஊழியருக்குக் குறைந்தது எவ்வளவு சம்பளம் என்பது அங்கே. யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கு மேலே இருக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அமைச்சர் யார் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆள் யார் என்பதோடு, எப்படி உட்கார வைத்தார்கள் என்பதையும் பாருங்கள். இதை நம் ஊடகங்கள் கண்டுகொள்வதே இல்லை.

சிஸ்னாவின் கதையே உதாரணம். இத்தனை கெடுபிடி செய்தும் வேகம் போதாது என்று 2019இல் அவரை அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்துக்கு வர்ஜீனியா மாநிலத்தின் முன்னாள் அட்டர்னி ஜெனரல் கென் குச்சினெல்லியைக் கொண்டுவர நினைத்தார்கள். செனட்டில் ஜெயிப்பது சந்தேகம், அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களிலேயே சிலருக்கு அவரைப் பிடிக்காது. காலியான பதவியைத் தற்காலிகமாக யார் பார்க்கலாம் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது: அந்தப் பதவிக்கு ‘முதல் உதவியாளர்’ தானாகவே பொறுப்புக்கு வருவார். குச்சினெல்லியோ அந்த அலுவலகத்திலேயே இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ‘முதன்மைத் துணை இயக்குநர்’ என்று அதுவரை இல்லாத ஒரு பதவியை உருவாக்கினார்கள். அதுதான் முதல் உதவியாளர் பதவி என்று எழுதினார்கள். அதில் அவரை நியமித்தார்கள். உட்கார்ந்த கையோடு அவர் பொறுப்பு இயக்குநர் ஆகிவிட்டார். யாருக்கும் ஒரு நாள்கூட உதவியாளராக இருக்காத முதல் உதவியாளர்!

அடைக்கலம் கேட்டு வருபவர்கள் விசாரணைக்கு முன் வக்கீலைக் கலந்து பேசக் கொடுக்கும் அவகாசத்தை அவர் குறைத்தார். வழக்குப் போட்டார்கள். 2020 மார்ச்சில் வாஷிங்டன் நீதிபதி ராண்டால்ஃப் மாஸ், நியமனமே செல்லாது, ஆகவே அந்த உத்தரவும் செல்லாது என்று தீர்ப்பளித்தார். அதே வருடம் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பு அமைச்சர் சாட் வுல்ஃப் விஷயத்திலும் இதே மாதிரித் தீர்ப்பு வந்தது. ‘பொறுப்பு’ என்ற அடைமொழியோடு இருப்பவர் போடும் உத்தரவு பயமுறுத்தும், ஆனால் அதன் அடி சில சமயம் ஆட்டம் கண்டிருக்கும். வக்கீல்கள் முதலில் தட்டிப் பார்ப்பது அங்கேதான்.

இன்னொன்று. நியமிக்கப்பட்டவரின் வாய் வேறு, கையெழுத்தான தாள் வேறு. 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. எச்-1பிக்கு 1,00,000 டாலர் என்ற பிரகடனத்தில் டிரம்ப் கையெழுத்திடுகிறார். பக்கத்தில் நின்ற வர்த்தக அமைச்சர் ஹவார்ட் லட்னிக், இது வருடா வருடம் கட்ட வேண்டியது என்கிறார். ஊருக்கு வந்திருந்தவர்களை உடனே திரும்பச் சொல்லிக் கம்பெனிகள் மெயில் அனுப்பின. விமானத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள் இறங்கினார்கள், கல்யாணத்துக்கு வந்தவர்கள் தாலி கட்டும் முன்பே கிளம்பினார்கள். மறுநாள் வெள்ளை மாளிகை சொன்னது: ஒரே ஒரு முறைதான், புதிய மனுக்களுக்குத்தான், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர் போகலாம் வரலாம். தாளைப் பொறுமையாகப் படித்தவர்களுக்கு அந்த வாரக்கடைசியில் டிக்கெட் பணமாவது மிஞ்சியது.

ஆகவே ஒரு செய்தி வந்தால் மாப்பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இது மெமோவா, விதியா, சட்டமா? மெமோ என்றால் ராத்திரியோடு ராத்திரியாக வரும், அடுத்த ஆள் வந்ததும் போகும். 2017 மெமோவை 2021 ஏப்ரலில் அப்படித்தான் எடுத்தார்கள். விதி என்றால் பொதுவாக முன்வரைவு வெளியிட்டு, மக்கள் கருத்துக் கேட்டு, பிறகுதான் நடைமுறை, மாதக்கணக்கில் ஆகும். பைடன் ஆட்சி போகிற போக்கில் செய்த நல்ல காரியம், பழைய ஒப்புதலை மதிக்கும் அந்த நடைமுறையை விதியாகவே ஆக்கியது. 2025 ஜனவரி 17 முதல் அது அமலில் இருக்கிறது. இனி ஓர் இயக்குநர் மெமோ எழுதி மட்டும் அதைத் தூக்கிவிட முடியாது.

கல்யாணத்துக்கு வருவது பற்றி. திரும்பிப் போகும் தேதியில் இருவர் பாஸ்போர்ட்டிலும் விசா முத்திரை உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தூதரகம் பக்கமே போக வேண்டாம், வரட்டும். ஐ-797 ஒப்புதல் தாளும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல. முத்திரை முடிந்திருந்தால் யோசிக்க வேண்டும். நேர்காணல் இல்லாமல் டிராப்பாக்ஸில் பாஸ்போர்ட்டைப் போட்டுவிட்டு வந்த காலம் 2025 செப்டம்பர் 2ஆம் தேதியோடு போயிற்று. எச் விசாவுக்கு நேர்காணல் உண்டு. டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 இரண்டுக்கும் சமூக ஊடகக் கணக்குகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த மாதம் இந்தியாவில் தேதி வாங்கி வந்த பலருக்கு நேர்காணல் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. லீவு இரண்டு வாரம், காத்திருப்பு நாலு மாதம். இவற்றில் ஒன்றுக்காவது நாடாளுமன்றம் ஓட்டுப் போடவில்லை, எல்லாம் வெளியுறவுத் துறையின் அறிவிப்புகள். எனவே ஸ்டாம்பிங், அதாவது புது விசா முத்திரை, தேவை என்றால், நேர்காணல் தேதி உறுதியான பிறகும் கம்பெனி வக்கீலிடம் கேட்டுவிட்டே டிக்கெட் போடச் சொல்லுங்கள். தேதி கிடைக்காவிட்டால் மகள் மட்டுமோ, இருவருமோ வர முடியாமல் போகலாம் என்பதைச் சம்பந்தி வீட்டில் இப்போதே சொல்லிவைப்பது நல்லது.

மகளின் வேலை. எச்-4க்கு வேலை அனுமதி 2015இல் வந்த விதி. டிரம்பின் முதல் ஆட்சியில் அதை நீக்கப்போவதாக, மாற்றப்போகும் விதிகளின் பட்டியலில் வருடா வருடம் போட்டார்கள், தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள், நாலு வருடம் முடிந்தது, நீக்கவில்லை. அதை எதிர்த்த வழக்கை எடுத்துக்கொள்ள 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. ‘நாளையிலிருந்து எச்-4 வேலை ரத்து’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் பதறாதீர்கள்.

பதற வேண்டிய விஷயம் சத்தமில்லாமல் வந்துவிட்டது. வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்க மனுப் போட்டிருந்தால், புதிய அட்டை வரும்வரை 540 நாள் தானாக நீட்டிப்புக் கிடைத்துவந்தது. 2025 அக்டோபர் 30 அன்றோ அதற்குப் பிறகோ போட்ட மனுக்களுக்கு அது இல்லை. கருத்துக் கேட்பைப் பிறகு வைத்துக்கொள்ளும் இடைக்கால விதியாக அதைக் கொண்டுவந்துவிட்டார்கள். அட்டை முடிந்த மறுநாள் வேலையை நிறுத்தித்தான் ஆக வேண்டும். மகளின் அட்டையில் என்ன தேதி இருக்கிறது என்று இன்று ராத்திரி போனில் கேளுங்கள். முடிவதற்கு 180 நாள் முன்பிருந்தே மனுப் போடலாம். அந்த முதல் நாளிலேயே போடச் சொல்லுங்கள்.