கடைசி மாமூத்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மசினகுடி யானைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், எகிப்தில் பிரமிடு கட்டியபோதும் மாமூத்கள் என்ற கம்பளி யானைகள் உயிரோடு இருந்தன என்று ஒரு வரி வருகிறது. அவை பனியுகத்தோடு முடிந்துவிட்டன என்றுதான் பள்ளியில் படித்தேன். எது சரி? மனிதன் கொன்று தீர்த்தானா, பூமி சூடானதால் செத்தனவா? எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், ஒரு நிறுவனம் மாமூத்தைத் திரும்பக் கொண்டுவரப் போகிறது என்று எங்கோ பார்த்துவிட்டு ஒரே உற்சாகமாக இருக்கிறாள். அது நடக்குமென்றால், ஒரு விலங்கு அழிவதைப் பற்றி நாம் இவ்வளவு கவலைப்பட வேண்டுமா?

பிரபாகரன், தேனி

அன்புள்ள பிரபாகரன்,

அந்த வரி உண்மைதான். கீசாவின் பெரிய பிரமிடு கட்டி ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் ஆகின்றன. கடைசி மாமூத்கள் மறைந்து 4,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. மொகஞ்சதாரோவில் ஒரு கைவினைஞர் முத்திரைக் கல்லில் யானையைச் செதுக்கிக்கொண்டிருந்த காலத்தில், சைபீரியாவுக்கு வடக்கே ரேங்கல் தீவில் அந்த யானையின் நெருங்கிய சொந்தம் புல் மேய்ந்துகொண்டிருந்தது. செர்கேய் வர்தன்யான் என்ற ரஷ்ய ஆய்வாளரும் அவரது குழுவினரும் அந்தத் தீவில் கிடைத்த பற்களின் வயதைக் கணக்கிட்டு 1993இல் வெளியிட்டார்கள். நீங்கள் படித்த பாடம் பெருநிலத்து மாமூத்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். தீவுகளில் நடந்த கதை வேறு.

சொந்தம் என்று சொன்னேன். ஆப்பிரிக்க யானையைவிட மாமூத்தான் நம் காட்டு யானைக்கு நெருக்கம். மரபணு அப்படித்தான் சொல்கிறது. உயரத்திலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் வெப்பத்தை வெளியேற்ற நம் யானை எதையெல்லாம் பெரிதாக வைத்திருக்கிறதோ, வெப்பத்தைக் காக்க மாமூத் அதையெல்லாம் சிறிதாக்கிக்கொண்டது. காது ஓரடி நீளம்தான். வால் குட்டை. தோலுக்கடியில் நான்கு விரற்கடை கொழுப்பு. அடியில் அடர்ந்த கம்பளி, அதற்கு மேல் மூன்றடி வரை தொங்கும் முரட்டு மயிர். ரத்தமும் மாறியிருந்தது. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் கேம்ப்பெல் குழு, சைபீரிய மாமூத் ஒன்றின் ஹீமோகுளோபின் மரபணுவை மீட்டு, பாக்டீரியாவுக்குள் வைத்து அந்த ஹீமோகுளோபினையே உண்டாக்கிப் பார்த்தது. உடல் குளிர்ந்த நிலையிலும் அது ஆக்சிஜனை எளிதாக விட்டுக்கொடுத்தது. பனியில் ஊன்றி நிற்கும் காலுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். 2010இல் வந்த ஆய்வு இது. செத்துப் பல்லாயிரம் ஆண்டான ஒரு விலங்கின் ரத்தப் புரதம் சோதனைக்கூடத்தில் மறுபடி வேலை செய்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

அது வாழ்ந்த இடத்தையும் நாம் தவறாகவே கற்பனை செய்கிறோம். எங்கு பார்த்தாலும் பனிக்கட்டி என்றால் எதைத் தின்றிருக்கும்? ஸ்பெயினிலிருந்து அலாஸ்காவைத் தாண்டிக் கனடா வரை விரிந்து கிடந்தது ஒரு புல்வெளி. குளிர்தான், ஆனால் வறண்ட குளிர். மழையும் பனிப்பொழிவும் குறைவு, வெயிலுக்குக் குறைவில்லை. புல்லும் சிறு பூச்செடிகளும் காடாய் மண்டிக் கிடந்தன. அப்போது கடல் மட்டம் தாழ்ந்திருந்ததால் சைபீரியாவும் அலாஸ்காவும் ஒரே நிலம். பெருங்கூட்டங்கள் நடந்துகொண்டே மேய்ந்தன.

எவ்வளவு நடந்தன என்பதற்கு ஒரு தந்தமே சாட்சி. தந்தம் ஐஸ்கிரீம் கோன்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கியது போல வளர்கிறது. பிறந்த நாளின் பதிவு நுனியில், செத்த நாளின் பதிவு அடியில். அலாஸ்காவில் கிடைத்த, சுமார் 17,100 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு களிற்றின் தந்தத்தை மேத்யூ வூலர் தலைமையிலான குழு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது. மேய்ந்த மண்ணின் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் தந்தத்தில் படிந்திருக்கும், அதன் வகைகளின் விகிதம் மண்ணுக்கு மண் மாறும். அதை வைத்து அந்தக் களிறு எந்த வயதில் எங்கே திரிந்தது என்று வரைபடமே போட்டுவிட்டார்கள். 28 ஆண்டு வாழ்க்கையில் பூமியை ஏறக்குறைய இரண்டு முறை சுற்றிவரும் தூரம். பதினைந்து பதினாறு வயதில் வலசையின் போக்கு சட்டென்று மாறுகிறது. நம் காட்டிலும் ஆண் யானை தாய்க்கூட்டத்தை விட்டு வெளியேறுகிற பருவம் அதுதான். அப்புறம் கடைசி ஒன்றரை ஆண்டு, ப்ரூக்ஸ் மலைத்தொடருக்கு வடக்கே ஒரு சிறிய பகுதிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. தந்தத்தின் அடிப்பகுதியில் நைட்ரஜன் வகைகளின் விகிதம் மாறுகிறது. பட்டினியின் அடையாளம் அது. ஒரு மாமூத்துக்கு எவ்வளவு இடம் தேவை என்று கேட்டால் இந்தத் தந்தத்தைத்தான் காட்டுவேன்.

சரி, உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். வெப்பமா, மனிதனா?

பனியுகம் முடிந்தபோது வெப்பத்தோடு ஈரமும் வந்தது. புல்வெளி பாசியாகவும் புதராகவும் சதுப்பாகவும் மாறியது. மாமூத்தின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. ஆனால் இது மட்டுமே காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன்பும் பூமி இதேபோல, வடக்கில் இன்னும் அதிகமாகவே, சூடாகியிருந்தது. அப்போதும் புல்வெளி சுருங்கியது. மாமூத்கள் ஒதுங்கிப் பிழைத்து, குளிர் திரும்பியதும் மீண்டும் பரவின. இரண்டாம் முறை அப்படித் திரும்ப முடியாமல் போனதற்கு, ஒதுங்கிய இடங்களிலும் இடைப்பட்ட நிலங்களிலும் ஈட்டியோடு மனிதர்கள் வந்துவிட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சைபீரியாவின் டைமிர் பகுதியில் சொபோச்னயா கர்கா என்ற இடத்தில் கிடைத்த 45,000 ஆண்டுப் பழமையான மாமூத்தின் விலா எலும்பிலும் கன்ன எலும்பிலும் ஆயுதம் பாய்ந்த தடம் இருக்கிறது. உக்ரைனின் மெஜிரிச்சில் மாமூத்தின் தாடை எலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து வீடே கட்டியிருக்கிறார்கள். ஆசிய யானை 22 மாதம் சுமக்கிறது, நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறைதான் ஈனுகிறது. மாமூத்தும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட விலங்கைக் கொன்று குவிக்க வேண்டியதில்லை. பிறப்பதைவிட ஆண்டுக்குச் சில கூடுதலாகச் செத்தாலே போதும்.

ஆனால் தீவுகளில் மனிதனே இல்லை. அங்கேயும் அவை அழிந்தன. இந்த விஷயத்தில் என்னை அதிகம் பாதித்தது செயின்ட் பால் தீவின் கதை. அலாஸ்காவுக்கு மேற்கே, பேரிங் கடலில் இருக்கிறது. கடல் ஏறியபோது பெருநிலத்திலிருந்து துண்டானது. மனிதன் அங்கே காலடி வைத்தது 18ஆம் நூற்றாண்டில். மாமூத்களோ 5,600 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டன. எப்படி? அந்தத் தீவின் ஏரிச் சேற்றைக் குழாயால் அடுக்கடுக்காக எடுத்துப் பார்த்து, 2016இல் ஒரு குழு விடை சொன்னது. சேற்றில் மாமூத்தின் டி.என்.ஏ. இருந்தது. யானை லத்தி போன்ற சாணத்தில் முளைக்கும் பூஞ்சையின் விதைத்தூள் இருந்தது. ஒரு மட்டத்துக்கு மேல் இரண்டுமே இல்லை. அந்த மட்டத்தை நெருங்க நெருங்க, ஏரியில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் ஆழம் குறைந்த, கலங்கிய நீரில் வாழ்பவையாக மாறுகின்றன. அதாவது தண்ணீர் வற்றியிருக்கிறது. தீவு சுருங்கச் சுருங்க நன்னீரும் சுருங்கியது, வானிலையும் வறண்டது. மிச்சமிருந்த ஏரிகளைச் சுற்றியே எல்லா மாமூத்களும் கூடின. கரைப் புல்லைத் தின்று தீர்த்தன, மிதித்து மண்ணைச் சரித்தன. மண் ஏரியில் இறங்கியது. சுற்றிலும் கடல், குடிக்கத் தண்ணீர் இல்லை. வேறு ஏரி தேடிப் போக வழியில்லாத யானைக்கூட்டம் அது. எனக்கு அதைப் படித்துவிட்டு வேறு வேலை ஓடவில்லை.

ரேங்கல் தீவு பெரியது, சுமார் 7,600 சதுர கிலோமீட்டர். அதனால்தான் அங்கே அவ்வளவு காலம் தாங்கின. 2024இல் ஸ்டாக்ஹோமில் லவ் தாலேன் குழு வெளியிட்ட மரபணு ஆய்வின்படி, தீவு துண்டானபோது அதிகபட்சம் எட்டு மாமூத்கள்தான் அங்கே மிஞ்சியிருந்தன. எட்டிலிருந்து இருநூறு முந்நூறாகப் பெருகி, 6,000 ஆண்டுகள் வாழ்ந்திருக்கின்றன. சொந்தத்துக்குள்ளேயே இனம்பெருக்கியதால் சிறுசிறு மரபணுக் குறைகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தன. ஆனாலும் அவை மெல்லத் தேய்ந்து அழியவில்லை என்கிறது அந்த ஆய்வு. முடிவு திடீரென்று வந்திருக்கிறது. தொற்றுநோயோ, மோசமான சில குளிர்காலங்களோ, எதுவாகவும் இருக்கலாம். தீவில் மனிதர் வந்த தடயம் அதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. கண்டம் முழுக்கப் பரவியிருந்த இனத்துக்கு ஒரு கெட்ட குளிர்காலம் பொருட்டே இல்லை. ஒரு பக்கம் செத்தால் மறுபக்கத்திலிருந்து வந்து நிரப்பும். தீவில் நிரப்ப யாருமில்லை.

இப்போது உங்கள் மகளின் நிறுவனம். கொலோசல் என்று பெயர், அமெரிக்க நிறுவனம். 2028இல் முதல் குட்டி என்பது அவர்கள் சொல்லும் இலக்கு. 2025இல் மயிரடர்ந்த எலிகளை உருவாக்கிக் காட்டினார்கள். அவர்கள் செய்ய நினைப்பது ஆசிய யானையின் மரபணுவில் சில இடங்களைத் திருத்தி, கம்பளியும் கொழுப்பும் வரவைப்பது. அது அறிவியலாகப் பெரிய காரியம். ஆனால் பிறக்கப்போவது குளிர் தாங்கும் ஆசிய யானை.

மகளுக்கு லியூபாவைப் பற்றிச் சொல்லுங்கள். 2007இல் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில், கலைமான் மேய்க்கும் யூரி ஹூதி என்ற நெனெட்ஸ் இனத்தவர் ஆற்றங்கரையில் கண்டெடுத்த பெண் குட்டி. வயது ஒரு மாதம்தான். சுமார் 42,000 ஆண்டுகளுக்கு முன் சேற்றில் சிக்கி மூச்சடைத்துச் செத்தது. கண்ணிமை மயிர்கூடக் கெடவில்லை. அதன் வயிற்றில் தாய்ப்பால் இருந்தது, பெரிய மாமூத்தின் லத்தியும் இருந்தது. நம் காட்டிலும் யானைக்குட்டிகள் தாயின் லத்தியைத் தின்னும். புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அப்படித்தான் குட்டியின் குடலுக்குப் போகின்றன. சோதனைக்கூடத்துக் குட்டிக்கு அந்த லத்தியை யார் கொடுப்பார்கள்? பனிக்கடியில் புல்லை எப்படித் தோண்டுவது, எந்த மாதம் எந்தத் திசையில் நடப்பது என்று எந்தத் தாய் கற்றுத்தரும்? இவையெல்லாம் மரபணுவில் எழுதப்பட்டவை அல்ல. ஆகவே, கவலைப்படத்தான் வேண்டும் பிரபாகரன்.

கவலைப்பட ரேங்கல் வரை போகவும் வேண்டாம். இந்திய யானைகளின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், வடக்கிலிருந்து தெற்கே வரவர வேறுபாடு குறைந்துகொண்டே வருவதைக் கண்டிருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை யானைகள் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே ஒன்று என மூன்றாகப் பிரிந்து நிற்கின்றன. கடைசியாகச் சொன்ன அகத்தியமலைக் கூட்டம் மிகச் சிறியது, வேறுபாடும் மிகக் குறைவு. கணவாய் இயற்கை இட்ட இடைவெளிதான். அதன்மேல் இன்று கொல்லம் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் தோட்டங்களும் ஊர்களும் இருக்கின்றன. தேனியிலிருந்து அது சில மணி நேரப் பயணம். விடுமுறையில் மகளைச் செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை ரயிலில் கூட்டிப்போங்கள். ஜன்னலோரம் உட்காரட்டும். ஒரு யானை இங்கிருந்து அங்கே எந்த வழியாகக் கடக்க முடியும் என்று அவளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவள் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.