கொடுக்கலும் வாங்கலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். ஆக்ஸிஜனேற்றம், ஒடுக்கம் இரண்டையும் தேர்வுக்குத் தேர்வு மாற்றி எழுதிவிடுகிறான். ஆக்ஸிஜனேற்றி எப்படித் தானே ஒடுக்கமடையும் என்று கேட்டு என்னையும் குழப்புகிறான். மறக்காமலிருக்க ஒரு சுருக்குவழி சொல்வீர்களா? தமிழ் வழியில் சேர்த்ததுதான் தவறோ என்றும் தோன்றுகிறது.

ர., கடலூர் முதுநகர்

அன்புள்ள ர.,

தமிழ் வழிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆங்கில வழிப் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். சுருக்குவழி நான் தர மாட்டேன். பிள்ளை அருமையான கேள்வி கேட்டிருக்கிறான். நீங்களோ அந்தக் கேள்வியே எழாமலிருக்க வழி தேடுகிறீர்கள்.

இந்தப் பாடத்தைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. கரும்பலகையில் நடுக்கோடு போட்டு, இந்தப் பக்கம் ஆக்ஸிஜனேற்றம், அந்தப் பக்கம் ஒடுக்கம் என்று இரண்டு தனி நிகழ்ச்சிகளைப் போல எழுதிப்போடுகிறோம். அப்படி இரண்டு நிகழ்ச்சிகள் கிடையாது. மயில்துத்தம், அதாவது தாமிர சல்பேட், கரைத்த நீரில், உப்புத்தாளால் தேய்த்த இரும்பாணியைப் போட்டால், கரைகிற ஒவ்வோர் இரும்பணுவும் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீருக்குள் போகிறது. அதே இரண்டைப் பெற்ற தாமிர அயனி செம்பாகி ஆணியின்மேல் படிகிறது. சல்பேட் இதில் தலையிடுவதே இல்லை. வாங்க ஆளில்லாத கொடுக்கல் உண்டா? எலக்ட்ரான் நீருக்குள் தனியே நின்று ஆள் தேடிக்கொண்டிருப்பதில்லை. கொடுத்தது ஆக்ஸிஜனேற்றம், வாங்கியது ஒடுக்கம், நடந்தது ஒன்றே. இரும்பைக் கொடுக்கவைத்ததால் தாமிர அயனி ஆக்ஸிஜனேற்றி. வாங்கிக்கொண்டதால் அது ஒடுக்கமடைந்தது. மகனுக்கு விடை இவ்வளவுதான்.

எனக்கு இது விளங்கியது வகுப்பில் அல்ல. பள்ளி நாட்களில் உப்பனாற்றங்கரையில் பழுதுபார்க்க ஏற்றியிருந்த ஓர் இரும்புப் படகின் அடியில், சுக்கானுக்குப் பக்கத்தில், குழிகுழியாக அரித்துப்போன ஒரு கட்டி இருந்தது. அதைச் சுற்றியிருந்த இரும்போ அதிகம் கெடாமல் இருந்தது. கழற்றிக்கொண்டிருந்த பெரியவர், “இது அரிக்கணும்னுதான் தம்பி வச்சிருக்கு, இல்லன்னா படகு அரிக்கும்” என்றார். அது துத்தநாகம். இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான்களைக் கொடுப்பது அது. கொடுத்தவை இரும்பின் வழியே ஓடி, கடல்நீரில் கரைந்த ஆக்ஸிஜனைச் சேர்கின்றன. கப்பல்களின் செப்புத் தகடுகளை இவ்வகையில் காக்கலாம் என்று ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1824-இலேயே சொன்னார்.

துறைமுகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருந்துகொண்டு பிள்ளைக்கு இதைக் காட்டாமல் வைத்திருக்கிறீர்களே! உரக்கடையில் கொஞ்சம் மயில்துத்தம் வாங்குங்கள். அது நஞ்சு, சமையல் பாத்திரத்தில் கரைக்காதீர்கள். ஆணி சில நிமிடங்களிலேயே சிவக்கத் தொடங்கும். நீலம் வெளுத்து இளம்பச்சையானதும் ஆணியை எடுத்துவிட்டு, அதே நீரில் ஒரு செம்புக் கம்பியைப் போடச் சொல்லுங்கள். ஒன்றும் நடக்காது. ஏன் நடக்கவில்லை என்று கேளுங்கள். விடையை அவனே யோசித்துச் சொல்லட்டும், நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள்.