உலகச் சந்தையில் விலை இறங்கினால் நம் பில் இறங்குமா? – வாசகர் கேள்வி பதில்

மகள் லண்டனில் இருக்கிறாள். "கேஸ் மொத்த விலை விழுந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள், எங்கள் பில் மட்டும் அப்படியே வருகிறது அம்மா" என்று குறைப்படுகிறாள். இங்கேயும் நிலக்கரி, எண்ணெய் விலை இறங்கியதாகக் கேள்விப்படுகிறோம். அந்த இறக்கம் நம் வீட்டுக்கு வருமா, வராதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, களுவாஞ்சிகுடி

வரும் ரீச்சர். ஆனால் பிந்தித்தான் வரும், முழுசாகவும் வராது.

முதலில் மகளின் பில். அங்கே ஒஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு 2019 ஜனவரியிலிருந்து வீடுகளுக்கு உச்ச விலை குறித்து வருகிறது, இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்றுகிறார்கள். கேஸையும் மின்சாரத்தையும் விற்கும் கம்பனிகள் பல மாதங்களுக்கு முன்பே மொத்தமாக வாங்கி வைப்பதால், இன்றைக்கு மகள் கட்டும் காசில் இருப்பது இன்றைய விலை இல்லை, சில மாதங்களுக்கு முந்தைய விலை. ஐரோப்பாவில் கேஸ் விலை 2022 ஓகஸ்டில் உச்சத்துக்குப் போய் அப்புறம் சரியத் தொடங்கியது. ஆனால் சாதாரண வீடொன்றுக்கான உச்ச விலை 2023 ஜனவரியில்தான் வருடத்துக்கு 4,279 பவுணாக ஏறியது. அரசாங்கம் நடுவே புகுந்து மக்கள் கட்டுவதை 2,500 அளவில் பிடித்து வைத்தது. உச்ச விலை 2,074 பவுணுக்கு வந்தது அந்த வருட ஜூலையில். இதற்கு மேல் கம்பி, குழாய் செலவும் நாளாந்த நிலைக் கட்டணமும் பில்லில் உண்டு. மொத்த விலை விழுந்தாலும் அவை கூடவே விழாது.

நம் இலங்கைக்கு வருவோம். நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலையம் எரிப்பது இறக்குமதி நிலக்கரி. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்தக் கடலில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்க முடியாது, ஆகவே அதற்கு முன்பே வாங்கிக் குவித்ததைத்தான் எரிக்கிறார்கள். ஓகஸ்டில் உலக விலை விழுந்தால் அது நமக்குக் கணக்கில் சேர நாளாகும். அப்புறம் டொலர். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்தது அந்த வருட மே மாதத்துக்குள் 360 வரை போனது, அப்படியான நேரத்தில் வெளியே விலை இறங்கினாலும் நமக்கு ஏற்றம்தான்.

நான் 2022 ஓகஸ்டுக்கு முந்தைய சராசரி மின்கட்டணத்தை 100 ரூபாயாக வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஓகஸ்டில் 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் 66 சதவீதம் கூட்டினார்கள்: 290 ஆயிற்று. அந்த வருடமே ஜூலையில் 14.2 சதவீதம் குறைத்து ஒக்டோபரில் 18 சதவீதம் கூட்டியதில் பழைய இடத்துக்கே வந்தது. பிறகு 2024 மார்ச்சில் 21.9, ஜூலையில் 22.5, 2025 ஜனவரியில் 20 சதவீதம் என்று குறைத்ததில் 142 அளவுக்கு இறங்கியது. ஜூனில் 15 சதவீதம் கூட்டியதும் 164. ஏற ஆறு மாதம், இறங்க ஏறக்குறைய இரண்டு வருடம், அதுவும் பழைய 100க்கு வரவில்லை. அந்தப் பழைய 100 செலவுக்கே காணாத விலை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உற்பத்திச் செலவு ஏறிக்கொண்டே போக, கட்டணத்தைப் பல வருடம் கூட்டாமல் வைத்திருந்தார்கள், நட்டம் கடனாகக் குவிந்தது. சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டின்படி இனி செலவை முழுக்கக் கட்டணத்தில் எடுத்தாக வேண்டும்.

2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைத்தார்கள் என்றார்கள். சித்திரை பில்லில் எங்களுக்கு ஒன்றும் குறையவில்லையே?
– குடும்பத் தலைவி, கல்லடி

பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்து யூனிற்றைப் பாருங்கள் தங்கச்சி. மாதத்துக்கு 60 யூனிற்றைத் தாண்டினால் தாண்டிய யூனிற்றுக்கு மட்டுமல்ல, முதல் யூனிற்றிலிருந்தே கூடிய விலை, நிலையான கட்டணமும் ஏறும். சித்திரை வெக்கையில் விடிய விடிய இரண்டு ஃபேன் ஓடினால் 58இல் நின்ற வீடு சுலபமாக 70ஐத் தொட்டுவிடும். குறைத்தது பொய் இல்லை, நீங்கள் அடுத்த படிக்கு ஏறிவிட்டீர்கள்.

பெற்றோல், கேஸ், கரண்ட் எல்லாம் இறங்கியும் ரோல்ஸ், பிளேன்ரீ, ஓட்டோக் காசு இறங்கவில்லை. இதை யாரிடம் கேட்பது?
– அரச ஊழியர், சம்மாந்துறை

மின்சாரத்துக்குக் கட்டணம் தீர்மானிக்கப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இருக்கிறது, பெற்றோலுக்கு மாதாந்த விலைச்சூத்திரம் இருக்கிறது, ரோல்ஸுக்கு ஒன்றும் இல்லை. ரொபர்ட் பேக்கன் என்ற பொருளியலாளர் 1991இல் பிரித்தானியப் பெற்றோல் விலையை ஆராய்ந்து, ஏறும்போது வாணம்போல ஏறுகிறது, இறங்கும்போது இறகுபோல இறங்குகிறது என்று எழுதினார். காரணங்களில் ஒன்று நம்மிடமே இருக்கிறது என்று பிறகு வந்த ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள்: விலை ஏறினால் நாலு கடை ஏறி இறங்கி விசாரிக்கிறோம், கொஞ்சம் இறங்கினால் அப்பாடா என்று முதல் கடையிலேயே வாங்கிவிடுகிறோம். பத்துக் கடை நெருங்கி நிற்கும் தெருவில் ஒருவர் குறைத்தால் மற்றவரும் குறைப்பார், ஒற்றைக் கடைச் சந்தியில் அது நடக்காது. கடைக்காரரையும் முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன், 2022இல் மாவும் கேஸும் ஏறிய வேகத்தில் நட்டப்பட்டு விற்றவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த நட்டத்தை எத்தனை வருடம் நம்மிடம் எடுப்பது? கேட்க வேண்டும், முகத்துக்கு நேரே கேட்க வேண்டும்.

மசகு எண்ணெய் 10 வீதம் விழுந்தால் எங்கள் போட்டுக்கு அடிக்கும் மண்ணெண்ணெயும் 10 வீதம் விழ வேணும்தானே?
– மீனவர், வாழைச்சேனை

விழாது தம்பி. நமக்குக் கணக்கெடுப்பது மசகு எண்ணெய் விலையை இல்லை, சிங்கப்பூர்ச் சந்தையில் சுத்திகரித்த எண்ணெயின் விலையை. அதற்கு மேல் கப்பல், துறைமுகம், வரி, விற்பனையாளர் பங்கு. பேச்சுக்கு, பெற்றோல் லீற்றர் 300 ரூபாய், அதில் வெளிநாட்டு விலை 200 என்று வைத்தால், அந்த 200இல் 10 வீதம் விழுவது 20 ரூபாய். உங்கள் கைக்கு வருவது 7 வீதம்கூட இல்லை. பெற்றோலிலும் டீசலிலும் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனுக்காக லீற்றருக்கு 50 ரூபாய் எடுத்ததை அரசாங்கமே சொன்னது. மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 87இலிருந்து 340 ஆனது, 200க்குக் கீழே வர 2024 ஆயிற்று. அந்த இரவில் கரையில் கிடந்த வள்ளங்களுக்கு எந்தச் சூத்திரமும் நியாயம் சொல்லாது.

சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பி வழிகிறது, இங்கினியாகலையில் மின்நிலையமும் இருக்கிறது. அம்பாறைக்காவது குறைத்துத் தரக்கூடாதா?
– மாணவன், அம்பாறை

இங்கினியாகலை மின்சாரமும் தேசிய வலையமைப்பில்தான் சேர்கிறது, கட்டணம் நாடு முழுக்க ஒன்றே. அது சிறிய நிலையம் வேறு. விக்டோரியா, கொத்மலை, காசல்ரீ என்ற பெரிய நீர்மின் நீர்த்தேக்கங்கள் பக்கம் மழை பெய்தால்தான் எண்ணெய் எரிப்பது குறையும், அது அடுத்த கட்டணத் திருத்தத்தில் தெரியும்.

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கருத்துக் கேட்கிறதாம். போய்ப் பேசி என்ன பலன்?
– சிறு ஆலை உரிமையாளர், அக்கரைப்பற்று

பலன் இருக்கிறது. 2024 கடைசியில் மின்சார சபை கட்டணத்தை மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றுதான் யோசனை கொடுத்தது. ஆணைக்குழு கணக்கைப் பார்த்து, மாகாணம் மாகாணமாக மக்களின் கருத்தையும் கேட்டு, அந்த 20 சதவீதத்தைக் குறைக்கச் சொன்னது. உங்களைப் போன்ற தொழிற்றுறைக்கு வீட்டைவிடக் கூடவே குறைந்தது. அடுத்த முறை கிழக்கு மாகாண அமர்வு அறிவித்ததும் ஆலையின் ஒரு வருட பில்லையும் மாதாமாதம் குற்றிய நெல்லின் அளவையும் எடுத்துக்கொண்டு போங்கள், போக முடியாவிட்டால் அதையே எழுத்தில் அனுப்புங்கள், தமிழில் எழுதினால் போதும்.