மருத்துவர் அல்லாதவர் ஆரம்ப சுகாதாரத்தில் முனைவர் பட்டம் பெறலாமா?

நர்சிங் முடித்திருக்கிறேன், ஆக்ஸ்ஃபோர்டில் ஆரம்ப சுகாதார ஆய்வு செய்ய எம்பிபிஎஸ் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். புள்ளியியல், உளவியல் படித்தவர்களும் செய்கிறார்கள். அங்கே முனைவர் பட்டத்தின் பெயர் டி.ஃபில், முழுநேரம் என்றால் 3 முதல் 4 வருடம். முதலில் தகுதிகாண் மாணவராக, அதாவது சோதனைக் கால மாணவராகச் சேர்வீர்கள், அப்புறம் இரண்டு கட்ட மதிப்பீடு, கடைசியில் வாய்மொழித் தேர்வு.

சரி, எதை ஆராய்வது? இதற்குத்தான் நிறைய யோசிக்க வேண்டும். வேல்ஸில் ஒரு சுரங்கத் தொழிலாளர் ஊரில் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், நோய் சொல்லி வந்தவர்களுக்கு மட்டுமல்ல, நன்றாக இருக்கிறேன் என்றவர்களுக்கும் தேடித்தேடி ரத்த அழுத்தம் அளந்தார். மருத்துவம் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. நீங்கள் வார்டில் கண்ணால் பார்த்த ஒரு சிக்கலை ஒரே பக்கத்தில் எழுதி, விண்ணப்பிக்கும் முன்பே பொருத்தமான வழிகாட்டிக்கு அனுப்புங்கள்.