கொரோனா டைம்ல தம்பிய எட்டு மாசம் மனநல ஆஸ்பத்திரில வெச்சிருந்தாங்க, கேஸ் போடலாமா?

கேள்வி சேலம் கோரிமேட்டுல இருந்து ஒரு அக்கா அனுப்புனது. சுருக்கமா இதுதான்: 2021 மே லாக்டவுன்ல தம்பிய தனியார் மனநல ஆஸ்பத்திரில சேர்த்தாங்க, 2022 ஜனவரி வரைக்கும் உள்ளயே இருந்தாரு. பார்க்க விடல, போன் குடுக்கல. கேரம், டிவி, கூட்டா உக்காந்து பேசுறது எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க, பிபிஇ கிட் போட்டு வர்றவங்க முகமே தெரியாம தம்பி பயந்துபோய் சோத்த தொடல, பத்து கிலோ இளைச்சு வந்தாரு. இப்ப பாக்கி பில்லுக்கு வக்கீல் நோட்டீஸ் வேற வந்திருக்கு.

அக்கா, வருத்தம் புரியுது, ஆனா கேரம்போர்டுக்கும் கிலோ கணக்குக்கும் கோர்ட்ல பெருசா மதிப்பு இல்லங்க. போன் பேசுறது 2017 மனநல பராமரிப்பு சட்டத்துல 26வது பிரிவுப்படி அவரோட உரிமைதான், ஆனா அது மட்டும் வெச்சு கேஸ் நிக்காது. நான் கேக்குறது ஒண்ணுதான், 30 நாளுக்கு அப்புறம் எந்த பேப்பர்ல அவர உள்ள வெச்சிருந்தாங்க? 89வது பிரிவுல, நீங்க நாமினியா, அதாவது தம்பி சார்பா நிக்கிற பிரதிநிதியா, கையெழுத்து போட்டு சேர்த்தா 30 நாள்தான். அதுக்கு மேலன்னா 90வது பிரிவு, ரெண்டு மனநல டாக்டர் தனித்தனியா பாத்து எழுதணும், ஏழு நாள்ல மனநல ரிவ்யூ போர்டுக்கு சொல்லணும், போர்டு அனுமதிச்சாதான் முதல்ல 90 நாள், அப்புறம் 120. எட்டு மாசத்துக்கு அந்த பேப்பர் எல்லாம் இருக்கணும், கொரோனாவுக்காக இந்த பிரிவ யாரும் தள்ளி வைக்கல. ஃபைல் காப்பி கேட்டு எழுதுங்க, தம்பி பேர்ல கேளுங்க, 25வது பிரிவுல அவருக்கு உரிமை இருக்கு.

இப்ப நீங்க லெட்டர் கடைசில ஒரே வரில சொல்லிட்டு போன விஷயத்துக்கு வர்றேன், எனக்கு அங்கதான் பகீர்னு இருந்துச்சு. நாகலூர் காப்பித் தோட்டத்துக்கு சித்தப்பா பசங்களோட பாகப்பிரிவினை கேஸ் ஓடுது, 2019ல தம்பி கையெழுத்து போட்ட குடும்ப ஏற்பாட்டு பத்திரத்த வெச்சுதான் நீங்க ரெண்டு பேரும் பங்கு கேக்குறீங்க, சரியா?

அதுக்கும் ஆஸ்பத்திரி கேஸுக்கும் என்ன சம்பந்தம்னு சொல்றேன். ஆஸ்பத்திரி மேல நஷ்டஈடு கேட்டு கன்ஸ்யூமர் கமிஷனுக்கு போக டைம் ரெண்டு வருஷம். கொரோனாவுக்காக சுப்ரீம் கோர்ட் 2022 பிப்ரவரி 28 வரைக்கும் உள்ள நாள அந்த கணக்குல இருந்து கழிச்சு விட்டுச்சு, அப்படி பாத்தாலும் 2024 பிப்ரவரியோட முடிஞ்சுபோச்சு. இனி தாமதத்த மன்னிக்கச் சொல்லி மனு போடணும், அதுல காரணமா பாதி வக்கீலுங்க கை தன்னால எழுதுறது "மனுதாரர் சித்த சுவாதீனம் இல்லாதவர்"ங்கிறதுதான். எழுதுன மறுவாரம் சித்தப்பா பசங்க அதுக்கு சான்றிட்ட நகல் எடுத்து சேலம் சப்கோர்ட்ல தாக்கல் பண்ணி, இவருக்கு கார்டியன் போடுங்க, சுவாதீனம் இல்லாதவர் கையெழுத்து போட்ட 2019 பத்திரமும் செல்லாதுன்னு நிப்பாங்க. மனநோய் இருக்குங்கிறதால மட்டும் ஒருத்தர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆயிட மாட்டார்னு அந்த 2017 மனநல சட்டத்துல 3வது பிரிவே சொல்லுது, அந்த பாதுகாப்ப நீங்களே உங்க கையால கிழிச்சுப் போடாதீங்க. ஆஸ்பத்திரில லட்ச ரூபா நஷ்டஈடு ஜெயிச்சு தோட்டத்துல கோடிய விட்டவங்க எங்கிட்ட ஃபைலோட வந்து உக்காந்திருக்காங்க.

இன்னொண்ணு. ஜூலைல ஆஸ்பத்திரி மேனேஜருக்கு வாட்ஸ்அப்ல "வீட்ல வயசான அம்மா இருக்காங்க, கொரோனா கொறையட்டும், இன்னும் கொஞ்ச நாள் வெச்சுக்கோங்க"ன்னு அனுப்பினேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அந்த ஸ்கிரீன்ஷாட் அவங்க வக்கீல்கிட்ட பத்திரமா இருக்கும். சட்டப்படி அது போர்டு அனுமதிக்கு ஈடாகாது, ஆனா கூண்டுல ஏத்தி அத வாசிக்கச் சொன்னா நீங்க அழுதுடுவீங்க.

அதனால ராஜி பண்ணிக்கோங்க. நோட்டீஸுக்கு பதில் போடுங்க, அதுல 90வது பிரிவு பேப்பர் எங்கன்னு மட்டும் கேளுங்க, சுவாதீனம் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. பேப்பர் இல்லன்னா பில்ல விட்டுக்குடுக்க அவங்களே இறங்கி வருவாங்க. ஃபைல் முழுசா கைக்கு வராம "இனி எந்த கிளைமும் இல்லை"னு எழுதித் தராதீங்க. ராஜி பேப்பர்ல தம்பி கையெழுத்து போடட்டும், அவருக்காக நீங்க போடச் சொல்லுவாங்க, மாட்டேன்னுடுங்க, சாட்சி இடத்துல மட்டும் போடுங்க. டிராஃப்ட்ட தோட்டக் கேஸ் வக்கீல்கிட்ட காட்டாம எங்கயும் அனுப்பிடாதீங்க.